லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டு வருகிறதா? எங்கே அறுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

“நெட் போயிடுச்சு” என்று நாம் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இணையம் லேப்டாப்புக்கு வந்து சேர இரண்டு தனித்தனி வழிகளைக் கடக்க வேண்டும். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில் இருப்பது ஒன்று. அதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து சேவை நிறுவனத்தின் கம்பி வழியாக வெளியே போவது இன்னொன்று. இதில் எது அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் பலர் வெளிக்கம்பியில் இருக்கும் கோளாறுக்கு லேப்டாப்பின் செட்டிங்ஸை எல்லாம் மாற்றிப் பார்த்துக் களைத்துப்போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த வழி அறுகிறது என்று தெரியும்வரை எதையும் மாற்ற வேண்டாம். தெரிந்த பிறகும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு துண்டுத்தாளில் நேரத்தையும் மாற்றியதையும் குறித்துக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது.

படி 1: இரண்டு கறுப்புப் பெட்டிகள்

இந்த ஒரு சோதனைக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். பார்க்கக் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும், ஆனால் இதனால் எதுவும் கெட்டுப்போகாது.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் பல வரிகள் வரும். வைஃபை என்று இருக்கும் பகுதியில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு எதிரே புள்ளி வைத்த நான்கு எண்கள் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி.

இப்போது அதே பெட்டியில் பி, ஐ, என், ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். மறுபடி ஓர் இடைவெளி, அப்புறம் ஒரு சிறு கோடு, அதை ஒட்டி டி. என்டர் தட்டியதும் நொடிக்கு ஒரு வரியாக ஓட ஆரம்பிக்கும். ‘ரிப்ளை’ என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் லேப்டாப் ரவுட்டரைக் கூப்பிட்டு, அது பதில் சொன்னது என்று பொருள். வரியின் கடைசிப் பக்கம் பதில் வர எத்தனை மில்லி நொடி ஆனது என்று இருக்கும். நல்ல வைஃபையில் இது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். பதில் வராதபோது ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்பது போன்ற வரிகள் வரும். பெட்டி ‘நின்றது’ என்று கீழே நான் சொல்வது அதைத்தான்.

இன்னொரு கறுப்புப் பெட்டியைத் திறந்து இதையே செய்யுங்கள். ஆனால் ரவுட்டர் முகவரிக்குப் பதில் 8.8.8.8 என்று அடியுங்கள். அது வெளியே இருக்கும் கூகுளின் சர்வர். மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலைத் திறந்து இதையே செய்யலாம், கடைசியில் அந்தக் கோடும் டியும் தேவையில்லை.

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் கட் ஆகும் அந்த நொடியில் இரண்டையும் திரும்பிப் பாருங்கள்.

8.8.8.8 பெட்டி மட்டும் நின்றுபோய், ரவுட்டர் பெட்டி நிற்காமல் ஓடினால் உங்கள் லேப்டாப்பும் வைஃபையும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு வெளிக்கம்பியிலோ சேவை நிறுவனத்திடமோ இருக்கிறது. எந்தெந்த நேரத்தில் நின்றது என்று குறித்துவைத்து அவர்களிடம் சொல்லுங்கள். “அடிக்கடி போகுது” என்பதைவிட “காலை 10.20, 10.45, 11.30” என்று சொல்லும்போது அவர்களுக்கும் தேட வழி கிடைக்கும். இந்தப் பதிவின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் நின்றால் அறுவது வைஃபை. அதே நொடியில் கைப்பேசியிலும் வைஃபை போனதா என்று பாருங்கள். அதிலும் போயிருந்தால் ரவுட்டர் பக்கம் பார்க்க வேண்டும். அது தானாக அணைந்து மறுபடி எழுகிறதா, சூடேறிக் கிடக்கிறதா, அதன் மின்இணைப்பு ஆடுகிறதா என்று கவனியுங்கள். கைப்பேசியில் நன்றாக ஓடி, லேப்டாப்பில் மட்டும் போனால் படி 2-க்கு வாருங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இரண்டு பெட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கங்கள் மட்டும் திறக்காது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற சேவை தடுமாறும்போது இப்படி ஆகும். வைஃபை செட்டிங்ஸில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கொடுத்துப் பாருங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

போதும் என்றபோது கன்ட்ரோல் விசையோடு சியை அழுத்தினால் ஓட்டம் நிற்கும். எத்தனை அனுப்பியது, எத்தனை தொலைந்தது என்ற கணக்கையும் கடைசியில் காட்டும்.

படி 2: ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்

இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், நடுவே சுவர் இல்லாத இடத்தில் லேப்டாப்பை வைத்து அரை மணி நேரம் அதே பிங்கை ஓடவிடுங்கள். பக்கத்தில் இருக்கும்போதும் அறுந்தால் பெரும்பாலும் லேப்டாப்பில்தான் கோளாறு, நேராகப் படி 3-க்குப் போகலாம். பக்கத்தில் ஒழுங்காக ஓடி, வழக்கமான இடத்துக்குப் போனதும் அறுந்தால் தூரம், சுவர், குறுக்கீடு ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

சிக்னலை எண்ணாகப் பார்ப்பது நல்லது, திரையில் தெரியும் கோடுகளை அவ்வளவாக நம்ப முடியாது. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைத் தட்டினால் ஆர்எஸ்எஸ்ஐ என்று கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். கைப்பேசியில் இதற்கென்று வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இருக்கின்றன. -50 என்றால் அருமை. -67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும். -70-ஐத் தாண்டினால் தடுமாற ஆரம்பிக்கும், -80 என்றால் இணைப்பு நிற்பதே கஷ்டம். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைவில் வைத்தால் போதும்.

எண் மோசமாக இருந்தால் ரவுட்டரை இடம் மாற்றுங்கள். தரையிலோ, இரும்பு அலமாரிக்குள்ளோ, டிவிக்குப் பின்னாலோ இருக்க வேண்டாம். உயரமாக, திறந்த இடத்தில், முடிந்தால் வீட்டின் நடுவில் இருக்கட்டும். இரும்பும் கான்கிரீட்டும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியும் தண்ணீரும் சிக்னலைக் கடுமையாகத் தடுக்கும்.

எண் நன்றாக இருந்தும் அறுந்தால் குறுக்கீட்டைச் சந்தேகிக்கலாம். இங்கேதான் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும், ஆனால் பயங்கர நெரிசல். புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான், அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அங்கேதான். அதில் சேனல்கள் வரிசையாக இருந்தாலும் ஒன்றோடொன்று மேலே விழுந்து கிடக்கின்றன. மோதாமல் இருப்பவை 1, 6, 11 மூன்று மட்டுமே. ரவுட்டரின் செட்டிங்ஸில் சேனலை இந்த மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். சேனல் அகலம் என்று கேட்டால் 20 மெகாஹெர்ட்ஸ் கொடுங்கள். 3, 4 என்று நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இருபக்கத்துச் சத்தமும் உங்கள் தலையில் விழும்.

ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் 5-க்கு மாறிவிடுவதுதான் என் பரிந்துரை. சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. சுவரைக் கடக்கும்போது மட்டும் சீக்கிரம் பலமிழந்துவிடும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் லேப்டாப் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கலாம், தாவும்போதெல்லாம் ஒரு சிறு அறுப்பு. சோதனைக்காகவாவது இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள்.

5-இல் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. அப்போது எல்லாக் கருவிகளும் ஒருசேர அறுந்து மறுபடி இணையும். ரவுட்டர் அந்தச் சேனல்களில் இருந்தால் 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வாரங்களாக இரவில் மட்டும் என் வைஃபை அறுந்துகொண்டிருந்தது. டிரைவரை (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளை) மாற்றினேன், ரவுட்டரை மாற்ற வேண்டுமோ என்றுகூட யோசித்தேன். நேரத்தைக் குறித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்கும் நேரத்தில் மட்டும்தான் அறுகிறது. யூஎஸ்பி 3 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் வேலை செய்யும்போது 2.4 பக்கத்தில் வானொலி இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே இதைப் பற்றி 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நீளமான நல்ல கேபிளை வாங்கி டிஸ்கை ஓர் அடி தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. உங்கள் லேப்டாப்பிலும் ஹப், டிஸ்க் என்று ஏதாவது செருகியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை பிங்கை ஓடவிடுங்கள்.

படி 3: லேப்டாப்புக்குள்

முதலில் எளிய வேலை. வைஃபை பட்டியலில் உங்கள் ரவுட்டரின் பெயரைத் தேர்ந்து ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மறுபடி அடித்து இணையுங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்தது மின்சேமிப்பு. பேட்டரியில் ஓடும்போது மட்டும் அறுகிறதா? கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அறுகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ போங்கள். ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதை விரித்து, வயர்லெஸ் அல்லது வைஃபை என்று பெயர் இருப்பதை வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’. அங்கே ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்ற தாவலில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் பெட்டி டிக் ஆகியிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் இந்தத் தாவலே இருக்காது, அதனால் பதறாதீர்கள்.

அதே ஜன்னலில் ‘டிரைவர்’ தாவலும் இருக்கும். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வைஃபை டிரைவரை எடுத்து நிறுவுவதே சிறந்தது. டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களின் பக்கமே போகாதீர்கள். மாறாக, விண்டோஸ் அப்டேட் வந்த நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்றால் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டனை அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒரு சோதனை. பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் கீல் வழியாகக் கீழே இறங்கி வைஃபை கார்டில் சேர்கின்றன. பிங் ஓடும்போது திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அறுந்தால் அந்த வயர் தேய்ந்திருக்கலாம், அல்லது கார்டிலிருந்து கழன்று வந்திருக்கலாம். சமீபத்தில் லேப்டாப்பைத் திறந்து பழுது பார்த்திருந்தால் இதை அவசியம் சோதியுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா? விண்டோஸே ஓர் அறிக்கை தரும். சி, எம், டி அடித்ததும் வருவதை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் என்இடிஎஸ்எச், இடைவெளி, டபிள்யூஎல்ஏஎன், இடைவெளி, எஸ்எச்ஓடபிள்யூ, இடைவெளி, டபிள்யூஎல்ஏஎன்ஆர்இபிஓஆர்டி என்று அடியுங்கள். கடந்த 3 நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்ற கோப்பு தயாராகும், அது எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டியே காட்டும். பிரவுசரில் திறந்து, வரைபடத்தில் சிவப்பு வட்டங்களைத் தட்டுங்கள். கீழே அறுந்ததற்கான காரணங்களின் பட்டியலும் இருக்கும். உங்கள் துண்டுத்தாளில் இருக்கும் நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ‘நெட்வொர்க் ரீசெட்’. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியில், ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ என்பதற்குள் இருக்கிறது. சேமித்து வைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளும் அழிந்துவிடும், விபிஎன்னையும் மறுபடி அமைக்க வேண்டி வரலாம். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

அதற்குப் பிறகும் அறுந்தால், தெரிந்தவர் யாரிடமாவது யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகுங்கள். டிவைஸ் மேனேஜரில் உள்ளே இருக்கும் கார்டை ‘டிஸேபிள்’ செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை என்றால் உள்ளே இருக்கும் கார்டோ அதன் வயரோதான் பழுது. பல லேப்டாப்களில் அது ஒரே திருகில் நிற்கும் சின்ன அட்டை, எளிதாக மாற்றலாம். சிலவற்றில் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். அப்படியானால் அந்த யூஎஸ்பி அடாப்டரையே சொந்தமாக ஒன்று வாங்கிப் பயன்படுத்துங்கள்.