அச்சா, இணையமா? வேலைவாய்ப்பு விளம்பரத்தின் பயனை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பணியிடத்துக்கு இணையத்தளத்திலும் நாளிதழிலும் விளம்பரம் கொடுத்த நிறுவனம், எது கூடுதல் பயன் தந்தது என்று பார்க்கும்போது, பெரும்பாலும் முதலில் எண்ணுவது வந்து சேர்ந்த விண்ணப்பங்களைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இணையத்தில் ஒருமுறை பதிவேற்றிய தன்விவரக் குறிப்பை ஒரு சொடுக்கில் நூறு இடங்களுக்கு அனுப்பிவிடலாம். நாளிதழைப் பார்த்து, தகுதிகளைப் படித்து, கடிதம் எழுதிச் சான்றிதழ் நகல்களோடு அனுப்புபவரோ தமக்கு அந்த வேலை பொருந்துமா என்று ஒருமுறையாவது யோசித்திருப்பார். இவ்விரண்டையும் ஒரே அலகாக எண்ணுவது பொருளற்றது.

இணையத்தின் வழியாக 400 விண்ணப்பங்களும் நாளிதழின் வழியாக 30 விண்ணப்பங்களும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் படிக்க 3 நிமிடம் பிடித்தால், முன்னதற்கு 20 மணி நேரம், பின்னதற்கு ஒன்றரை மணி நேரம். நேர்காணலுக்கு அழைக்கத் தக்கவர்கள் முன்னதில் 12 பேர், பின்னதில் 9 பேர் என்றால், தக்க ஒருவரைக் கண்டெடுக்க இணையத்தில் 100 நிமிடமும் அச்சில் 10 நிமிடமும் செலவாகியிருக்கின்றன. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. உங்கள் நிறுவனத்தில் கணக்கு நேர்மாறாகவும் இருக்கலாம். ஆனால் விளம்பரக் கட்டணத்தை மட்டும் பார்த்து இணையமே மலிவு என்று முடிவு கட்டுபவர்கள், விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பவரின் நேரத்தைச் செலவாகவே கருதுவதில்லை. விளம்பரக் கட்டணம், சலித்தெடுக்கும் உழைப்பு, இடம் நிரம்பும்வரை கழியும் நாட்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து, பணியில் சேர்ந்து ஓராண்டேனும் நிலைத்த ஒருவருக்கு எவ்வளவு ஆயிற்று என்று கணக்கிட்டால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

அடுத்தது, எந்த விளம்பரம் அவரை அழைத்துவந்தது என்பதைத் தவறாகப் பதிவு செய்வது. காலையில் நாளிதழில் விளம்பரத்தைப் பார்த்தவர் மாலையில் நிறுவனத்தின் இணையத்தளத்துக்குச் சென்று விண்ணப்பித்தால், பதிவேட்டில் பெருமை முழுவதும் இணையத்துக்கே போய்விடுகிறது. அச்சு விளம்பரத்தில் தனிக் குறியீட்டு எண்ணோ தனி இணைய முகவரியோ கொடுத்துவிட்டு, நேர்காணலிலும் ‘முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எளிய தீர்வு. இதைச் செய்யாமலே அச்சு விளம்பரத்தை நிறுத்திவிட்டு, பிறகு தக்கவர்கள் ஏன் குறைந்தார்கள் என்று தேடுவது வீண் அலைச்சல்.

ஓர் ஊடகத்தின் எண்ணிக்கையை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பிழைக்கு ஆய்வு நிறுவனங்களின் அளவீடுகளும் உட்பட்டவையே. அமெரிக்காவின் கான்ஃபரன்ஸ் போர்டு அமைப்பு, 51 நாளிதழ்களில் வரும் வேலைவாய்ப்பு விளம்பரங்களை எண்ணி, தொழிலாளர் தேவையைக் காட்டும் குறியீட்டை நெடுங்காலம் வெளியிட்டுவந்தது. விளம்பரங்கள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது, வேலைகள் குறையாத வேளையிலும் அந்தக் குறியீடு சரியக்கூடியதாயிற்று. 2005இல் இணைய விளம்பரங்களை எண்ணும் புதிய தொடரை அவ்வமைப்பு தொடங்கியது.

பழைய ஆய்வு முடிவை இன்றைக்கும் பொருத்திப் பேசுவதும் அடிக்கடி நேர்கிறது. பொருளியலாளர்கள் பீட்டர் குன், மிக்கல் ஸ்குடெருட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடுவோரின் பிற பண்புகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின், இணையத்தில் தேடியவர்களின் வேலையின்மைக் காலம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதன் தரவுகள் 1998, 2000 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குன், ஹானி மன்சூர் என்பவருடன் சேர்ந்து அடுத்த பத்தாண்டின் தரவுகளை ஆராய்ந்தபோது, இணையத்தில் தேடியவர்களின் வேலையின்மைக் காலம் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாக இருந்தது. இடைப்பட்ட சில ஆண்டுகளில் ஊடகமே மாறிவிட்டிருந்தது. இரண்டும் வேலை தேடுவோரைப் பற்றிய ஆய்வுகளே என்பதையும் மறக்கக் கூடாது. ஆள் தேடும் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி.

இணைய விளம்பரம் எல்லோரையும் சென்றடையும் என்ற நம்பிக்கை என்னை மிகவும் கவலைப்படுத்துவது. நாளிதழை விரிக்கும் எவர் கண்ணிலும் அதன் விளம்பரம் படும். சமூக ஊடகத்திலோ யாருக்குக் காட்டுவது என்பதைத் தளத்தின் கணினி நிரல்நெறி (அல்காரிதம்) முடிவு செய்கிறது. அஞ்சா லாம்பிரெக்ட், கேத்தரின் டக்கர் ஆகியோர் அறிவியல், தொழில்நுட்பத் துறை வேலைகளைப் பற்றிய விளம்பரம் ஒன்றை 191 நாடுகளில் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பாலின வேறுபாடின்றிக் காட்டும்படி அமைத்திருந்தும் அது ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாகவே காட்டப்பட்டது. இளம் பெண்களின் கவனத்தைப் பெற விளம்பரதாரர்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். ஆகவே விண்ணப்பித்தவர்களின் பட்டியலைப் பார்ப்பதோடு நில்லாமல், விளம்பரம் யார் யாருக்குக் காட்டப்பட்டது என்ற அறிக்கையையும் தளத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

விளம்பர வாசகத்தைப் பற்றியும் ஒரு சொல். பிடிக்கும் இடத்துக்கேற்பக் கட்டணம் என்பதால் அச்சில் சொற்சுருக்கங்களை நெருக்கி எழுதுவார்கள். அதையே இணையத்தில் ஒட்டினால், பதவிப் பெயரைத் தட்டித் தேடுபவருக்கு அது அகப்படாது. வாசகத்தின் குறையால் வந்த தோல்வி அப்போது ஊடகத்தின் கணக்கில் ஏறிவிடும்.