ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் பூஞ்சைத் தொற்று: ஆபத்தைக் கணிப்பது எப்படி?

ஸ்டெம் செல் என்பது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல். முதலில் எந்த வகை மாற்று என்று பாருங்கள். சொந்த செல்லையே திரும்பப் பெற்றவருக்கு ஆபத்து குறைவு. பிறருடைய செல் என்றால் கூடும். பாதி மட்டுமே பொருந்தும் கொடையாளரின் செல்லோ தொப்புள்கொடி ரத்தமோ என்றால் இன்னும் கூடும். தொப்புள்கொடி ரத்தத்தில் செல்கள் கொஞ்சம்தான், வெள்ளணுக்கள் தலைகாட்டவே நாளாகும். முன்பு பூஞ்சைத் தொற்று வந்திருந்தால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொடக்க வாரங்களில் கவனிக்க வேண்டியது கிருமிகளோடு போராடும் வெள்ளணு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை. மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே 10 நாளுக்கு மேல் நீடித்தால் எச்சரிக்கை. வாயும் குடலும் புண்ணாகியிருக்கும் நேரம் அது. குடலில் குடியிருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை அந்தப் புண் வழியே ரத்தத்தில் இறங்கிவிடும். மருந்து ஏற்றும் குழாயும் இன்னொரு வாசல். தடுப்புக்குத் தரப்படும் ஃப்ளூகோனசோல் என்ற மருந்து கேண்டிடாவைத்தான் தடுக்கும், காற்றில் வந்து நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையை அல்ல.

எண்ணிக்கை ஏறி வீடு திரும்பியதும் பலர் கோட்டை விடுகிறார்கள். புதிய செல்கள் உடலையே தாக்கும் ஜி.வி.எச்.டி. வந்து, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1 மில்லிகிராம் அளவில் ஸ்டீராய்டு தொடங்கினால், நியூட்ரோபில் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆபத்து மறுபடி ஏறும். கூடவே உடலில் பதுங்கியிருக்கும் சி.எம்.வி. வைரஸும் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். ஆகவே காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். வறட்டு இருமல், மூச்சிழுத்தால் நெஞ்சுவலி, சளியில் ரத்தம், கன்ன வீக்கம், மூக்கில் கறுப்புப் பொருக்கு: எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறினால் மியூகர் பூஞ்சைக்கு வசதி. வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அதன்மேல் வேலை செய்யாது.

வோரிகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போடுங்கள். இன்னொரு பூஞ்சை மருந்தான போசகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டோடு. இரண்டுமே, ஜி.வி.எச்.டி.யைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றும். நீங்களாக நிறுத்தினால் அந்த அளவு சரிந்து ஜி.வி.எச்.டி. கிளம்பக்கூடும்.

கட்டிட வேலை நடக்கும் இடம், மக்கிய உரம், தொட்டி மண், பூசணம் பிடித்த சுவர் பக்கம் போகாதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் என்95 முகக்கவசம். சாதாரண முகக்கவசத்தின் ஓர இடைவெளியில் பூஞ்சை வித்துகள் நுழைந்துவிடும்.

காய்ச்சல் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, 38 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலோ, பாராசிட்டமால் போட்டு மறைக்காமல் உடனே அழையுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கி நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால் நெஞ்சு சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஆரம்பக் கட்டத்தில் சாதாரண எக்ஸ்-ரே சுத்தமாகவே தெரியலாம்.