குரல்வளைப் புற்றுநோய் குணமான பிறகு இன்னொரு புற்று வருகிறதா என்று கண்காணிப்பது எப்படி?

கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தோ ஆபரேஷன் செய்தோ 5 வருடம் ஓடிவிட்டால், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து காட்டுவதைப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பழைய நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் 2, 3 வருடங்களில். ஆனால் பீடிப் புகையும் சாராயமும் பட்ட வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரலில் புதிதாக இன்னொரு புற்று கிளம்பும் ஆபத்து அதற்குப் பிறகும் தொடரும். 5 வருடத்துக்குப் பின் வருடம் ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

வாயை வீட்டிலேயே பார்க்கலாம். அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பல்செட்டைக் கழற்றி வாய் கொப்பளித்து, கண்ணாடி முன் செல்போன் டார்ச்சோடு நில்லுங்கள். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இருபக்கமும் இழுத்து ஓரங்களைப் பாருங்கள். பிறகு நாக்கைத் தூக்கி அதன் கீழ்ப்பக்கம், புகையிலை அடக்கும் கன்ன இடுக்கு. வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

இட்லியே தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது என்றால், கரண்ட் வைத்ததில் தொண்டை சுருங்கியிருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். எண்டோஸ்கோப்பி செய்துதான் சொல்ல முடியும்.

இரண்டாவது புற்று அதிகம் வருவது நுரையீரலில். எக்ஸ்ரேயில் சின்னக் கட்டி தெரியாமல் போகும், இதய நிழலுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் கஷ்டம். 50 வயது தாண்டி, தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருடம் புகைத்தவர், வருடாந்திரக் குறைந்த கதிர் சிடி ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். நம் ஊரில் நெஞ்சில் நிழல் தெரிந்தால் டிபி என்ற எண்ணம்தான் முதலில் வரும். சளியில் கிருமி இல்லாமலே டிபி மாத்திரை தொடங்கச் சொன்னால், பழைய நோயைச் சொல்லி, சதைப் பரிசோதனை வேண்டாமா என்று கேளுங்கள். ஒற்றைக் கட்டியைக் கண்டதும் "பழையது பரவிவிட்டது" என்று மனம் விட்டுவிடுவதும் தப்பு. அது தனிப் புற்றாக, ஆபரேஷனில் எடுக்கக்கூடியதாக இருக்கலாம். பிரித்தறிய, முன்பு சதைப் பரிசோதனைக்கு (பயாப்ஸி) எடுத்த சதையின் கண்ணாடி ஸ்லைடும், அதை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் உதவும். சிகிச்சை எடுத்த இடத்தில் கேட்டு வாங்கலாம்.

கழுத்தில் துளை வைத்தவர்களுக்கு வறட்சியாலும் சளியில் ரத்தக் கோடு வரும். ஈரப்படுத்தியும் தொடர்ந்தால் காட்டுங்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது ஃபைலில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) கரண்ட், எந்த இடத்தில் என்ற தாளும் கடைசி சிடியும் இருக்கட்டும். அதே இடத்தில் மறுபடி கரண்ட் வைக்கலாமா என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது. பீடியை இப்போது விட்டாலும் ஆபத்து குறையும்; விட உதவிக்கு 1800-11-2356, கட்டணம் இல்லை.