பழைய மைக்ராஸ்கோப்புக்குப் பித்தளை வளையம்
பித்தளை மைக்ராஸ்கோப் ஒன்றில் லென்ஸைப் பிடிக்கும் வளையத்தின் மரை தேய்ந்துபோயிருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் வகுத்த மரை அது: விட்டம் 0.8 அங்குலம், அங்குலத்துக்கு 36 மரை, கோணம் 55 டிகிரி. புது வளையம் கடையப் போனால், செல்லூர்ப் பட்டறை அண்ணனிடம் இருந்ததோ மில்லிமீட்டர் கணக்கில் மரை வெட்டும் லேத்.

“0.7 வச்சு வெட்டிரலாம் தம்பி” என்றார். மரைக்கு மரை சரியான இடைவெளி 0.7056 மி.மீ.; ஆறு மரைக்கு 0.03 தான் பிசகும். இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. லென்ஸின் மரை கெட்டால் மாற்று ஏது? லேத்தில் 127 பல் சக்கரம் மாட்டினால் அங்குலக் கணக்கு அப்படியே வரும். அதை இரவல் வாங்கினோம். வெட்டும் உளியின் மேல்முகத்தை அண்ணன் தட்டையாகவே தீட்டினார். சரிவு இருந்தால் பித்தளையைக் கவ்வி இழுக்குமாம். அப்புறம் லென்ஸையே வளையத்தில் திருகிப் பார்த்துப் பார்த்துச் சீவினோம்.

வளையத்தை லேசாகச் சூடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு (ஷெல்லாக்) பூசினேன். நிறம் மட்டும் பழசோடு சேரவில்லை, இருக்கட்டும்.