டெம்பரரி கேப்பும் தற்காலிக அடைப்பும்: வீட்டில் செய்யக்கூடாத தவறுகள்

ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்யும் வைத்தியம் முடிந்து, பல்லைச் செதுக்கி அளவெடுத்த பிறகு, பல்லுக்கு மேல் உறைபோல் மாட்டும் நிரந்தர கேப் லேபிலிருந்து வந்து சேர ஓரிரு வாரம் ஆகும். அதுவரை பல்லை மூடிவைக்கத்தான் டெம்பரரி கேப். பெரும்பாலும் அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக்கில் செய்வார்கள். அதை ஒட்டும் சிமெண்டையும் வேண்டுமென்றே பிடிப்புக் குறைவானதாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள்; அடுத்த முறை பல்லுக்குச் சேதமில்லாமல் கழற்ற வேண்டுமே. இது தெரியாததால்தான் பலர் அதைச் சொந்தப் பல் மாதிரியே நடத்துகிறார்கள்.

முதல் தவறு வீட்டுக்கு வந்ததும் நடக்கும். மரத்துப்போகும் ஊசியின் வேகம் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். பசிக்கிறதே என்று அதற்குள் சாப்பிட உட்கார்ந்தால், கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொள்வது தெரியாது, சூடும் உறைக்காது. உணர்வு திரும்பிய பிறகு சாப்பிடுங்கள். மறுபக்கமாக மெல்லுங்கள்.

உணவில் இரண்டு வகைக்குப் பயப்பட வேண்டும். ஒன்று ஒட்டுவது: ஜவ்வு மிட்டாய், அல்வா, சூயிங்கம், வெல்லப்பாகு போட்ட எதுவும். இவை கேப்பைப் பிடித்து இழுத்துவிடும். இன்னொன்று கடினமானது: முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கொட்டைப்பாக்கு, நல்லி எலும்பு. இவை கேப்பை உடைத்துவிடும். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, கூட்டு இருக்கும் வீட்டில் சில வாரம் இப்படிச் சமாளிப்பது பெரிய கஷ்டமில்லை. காபி, மஞ்சள் கறை பிடித்தால் கவலை வேண்டாம், எப்படியும் கழற்றப் போவதுதான். கரியோ உப்போ போட்டுத் தேய்க்காதீர்கள்.

விழுந்துவிடுமோ என்று பயந்து அந்தப் பல்லையே தொடாமல் விடுவதும் தவறு. அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால், நிரந்தர கேப்பை ஒட்டுவதே சிரமமாகிவிடும். மென்மையான பிரஷால் ஈறு ஓரமாக மெதுவாகத் தேய்க்கலாம். பல் இடுக்கில் ஃபிளாஸ் நூல் போடுபவர்கள் அதை மேலே தூக்கி எடுக்காமல், பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். தூக்கினால் கேப்பும் கூடவே வந்துவிடும். குண்டூசி, சேஃப்டி பின், தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

வலித்தால் பலர் கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சை அமுக்கி வைக்கிறார்கள். தைலம் அதிகமாகப் பட்டால் ஈறு புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைப்பது அதைவிட மோசம். அந்த இடமே வெந்து வெள்ளையாகிவிடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது போதும். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் உயரம் அதிகம் என்று அர்த்தம். பழகிவிடும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள், லேசாக ராவிவிட்டால் சரியாகிவிடும். வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

கேப் கழன்று விழுந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவி ஒரு சின்ன டப்பாவில் வைத்து டாக்டருக்கு போன் செய்யுங்கள். வீட்டிலிருக்கும் ஃபெவிக்விக்கை எடுத்து ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. அது வாயில் வைக்கும் பொருளே அல்ல. ஈறைப் புண்ணாக்கும், கோணலாக ஒட்டிக்கொண்டால் எடுப்பதும் பெரும்பாடு. கழன்ற கேப்பைச் சும்மா பொருத்திக்கொண்டு தூங்கவும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. விழுங்கியது வயிற்றுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேப் இல்லாமலே நாலு நாள் ஓட்டிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பல் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. மூடி இல்லாத பல்லை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். கொஞ்சம் நகர்ந்தாலும், ஏற்கெனவே எடுத்த அளவுக்குச் செய்த கேப் உட்காராது. திரும்பவும் அளவு, திரும்பவும் செலவு.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, வலி போய்விட்டது என்று திரும்பப் போகாமலே இருப்பது. ரூட் கெனால் முடியும்வரை, ஒரு முறை போவதற்கும் அடுத்த முறை போவதற்கும் நடுவில் பல்லின் ஓட்டையை மூடிவைக்கும் தற்காலிக அடைப்பும் இப்படித்தான் மாதக்கணக்கில் மறந்துபோகிறது. மேல்பகுதி லேசாகத் தேய்வது இயல்பு. ஆனால் நாளாக ஆக ஓரத்தில் எச்சில் கசிந்து, அதோடு கிருமியும் உள்ளே இறங்கும். சுத்தம் செய்த வேர் மறுபடி சீழ் பிடிக்கும். நரம்பை எடுத்துவிட்டதால் ஆரம்பத்தில் வலியே தெரியாது. கேப் போடாத கடைவாய்ப்பல் ஒரு வாய்ப் பொரிகடலையில்கூட நெடுக்காகப் பிளக்கலாம். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை, அதுவரை செய்த வைத்தியம் அத்தனையும் வீண்.

வெளியூர்ப் பயணம், பணம் புரளவில்லை, வீட்டில் கல்யாணம் என்று தாமதத்துக்குக் காரணம் நிஜமாகவே இருக்கலாம். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். கூடுதல் நாள் தாங்கும் கிளாஸ் அயனோமர் (ஒரு வகைப் பல் சிமெண்ட்) போன்ற அடைப்பை டாக்டர் வைத்துவிட முடியும், ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.