புது ஏசி கம்ப்ரெஸர் இறுகியிருந்தால்

பழைய காருக்கு வாங்கிய புது கம்ப்ரெஸர் கையால் சுற்ற வராவிட்டால், பெல்ட் மாட்டி எஞ்சினை ஓட்டிப் பார்க்கவே கூடாது. பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி தனி பேரிங்கில் ஓடும், அது சுற்றுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சுற்றிப் பார்க்க வேண்டியது முன்னாலுள்ள கிளட்ச் தட்டை. பெரும்பாலும் காரணம், பெட்டியில் சாய்ந்து கிடந்தபோது சிலிண்டருக்குள் இறங்கிய ஆயில். ஆயில் அமுங்காது, அப்படியே ஓட்டினால் உள்ளே வாயுவுக்கு வழிவிடும் மெல்லிய தகடான ரீட் வால்வு உடையும்.

குழாய் மாட்டும் துளைகளின் (போர்ட்) மூடிகளை மெல்லக் கழற்றுங்கள், உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருக்கலாம். போர்ட்டைக் கீழே சாய்த்து, தட்டின் நடு நட்டில் சாக்கெட் போட்டு, இறுக்கும் திசையில் பத்து சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் பலம் கொடுக்காதீர்கள். வடிந்ததை அளந்து, அதே அளவு, அதே வகைப் புது ஆயிலை ஊற்றுங்கள்.

எங்கும் ஒரே சீரான லேசான இறுக்கம் புது சீலின் இயல்பு. ஒரே இடத்தில் பிடித்தாலோ நறநறத்தாலோ உள்ளே பழுது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிராக்கெட்டில் முடுக்கிய பிறகுதான் இறுகுகிறதா? போல்ட்டைத் தளர்த்தி, இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வையுங்கள்.