கும்பகோணத்திலிருந்து ரோமுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் "ஐரோப்பா போகணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், இல்லையென்றால் பிள்ளைகள் டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்ன அப்பா அம்மாக்கள். எட்டு நாளில் ஐந்து நாடு காட்டும் பேக்கேஜில் மட்டும் பணம் கட்டாதீர்கள். பழைய நகரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்க முடியாது. ஒரே ஊரில் நான்கைந்து நாள் தங்கி, பாதி நாளைக்கு ஓர் இடம் என்று நடந்து பார்க்க வேண்டும். ரோமை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: மாதம்

ஜூலை, ஆகஸ்டில் ரோமில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல், மே நல்லது. நமக்கும் தோதுதான். சம்பா, தாளடி அறுவடை முடிந்திருக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்குள் ஊர் திரும்பிவிடலாம். ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள், கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம்.

படி 2: பாஸ்போர்ட்டும் விசாவும்

நம் பக்கத்துச் சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராக இருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும். விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ், நுழைவுச்சீட்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும்.

இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்கச் சென்னைக்கு நேரில் போக வேண்டும். கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், முந்திக்கொள்ளுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

திருச்சியிலிருந்து போனாலும் சென்னையிலிருந்து போனாலும் இடையில் விமானம் மாற வேண்டியிருந்தால் மொத்தப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும்.

படி 3: முன்பதிவு

பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்துக்கு நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருகிறார்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். சுமார் ஒரு மாதம் முன்பு அதிகாரப்பூர்வத் தளத்தில் விற்பனை தொடங்கும். பக்கத்தில் பழைய நகரத்தின் இடிபாடுகள் உள்ள ரோமன் ஃபோரம், பலத்தீன் குன்று இரண்டுக்கும் அதே டிக்கெட் செல்லும். கூகுளில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளம், விலை கூடுதல். முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

வாத்திகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்று ஆசைப்பட்டால் அன்று முழுக்க வரிசையில் நிற்பதோடு சரி.

தங்குமிடம் பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் இருக்காது. முதல் மாடி என்றால் ஒரு மாடி ஏற வேண்டும், தரைத்தளத்தின் எண் பூஜ்யம். நகர வரி என்று ஆளுக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு எனத் தனியாக வாங்குவார்கள், அது ஏமாற்று வேலை இல்லை.

படி 4: பெட்டி

ரோமின் தெருக்களில் சிறு கருங்கற்கள் பதித்திருக்கிறார்கள். பெரிய பெட்டியின் சக்கரம் அதில் உருளாது, மாட்டி மாட்டி நிற்கும். பெட்டி சின்னதாக இருக்கட்டும். செருப்பு உதவாது. புது ஷூ வாங்கினால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்து பழக்குங்கள்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டு போகலாம். ஈரமானவை செக்-இன் பெட்டியில். நெய், பால்கோவா, தயிர் மிளகாய் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். மாத்திரைகளோடு மருத்துவர் சீட்டையும் வையுங்கள்.

படி 5: ஊர் சுற்றுவது

காலை எட்டரைக்குள் வெளியே இருங்கள். சிறிய தேவாலயங்கள் பல, நம்மூர்க் கோயிலில் நடை சாத்துவதுபோல மதியம் மூடி மாலையில்தான் திறக்கும். அந்த நேரம் அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சேலை, சுடிதாருக்குப் பிரச்சினை இல்லை. அரைக்கால் சட்டை போட்ட ஆண்களைத்தான் நிறுத்துவார்கள். வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

ஸ்பானியப் படிக்கட்டு என்று எல்லோரும் பார்க்கப் போகும் பெரிய படிக்கட்டில் உட்காராதீர்கள். 2019 முதல் அபராதம்.

குடிநீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவோர இரும்புக் குழாய்களில் எந்நேரமும் நல்ல தண்ணீர் வரும். கடையில் வாங்கினால் "நத்துராலே" என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கேஸ் தண்ணீர் வந்துவிடும்.

சைவர்களுக்கு பீட்சா மரினாரா வசதி: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, சீஸே கிடையாது. பார்மெஜானோ சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கிறார்கள், கண்டிப்பான சைவர்கள் கவனிக்க. காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் விலை குறைவு. மேசையில் உட்கார்ந்தால் கூடும். நம்ம டிகிரி காபி நாக்குக்கு அவர்கள் எஸ்பிரெஸோ ஒத்துவராது, கபுச்சினோ பரவாயில்லை.

படி 6: பணம், நகை

வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறந்துவிட வேண்டும், பொதுவாக மூடியே தருவார்கள். கடை மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோ. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் நஷ்டம் நமக்குத்தான். யூபிஐயை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாத்திகன் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ் ஜேப்படிக்குப் பேர்போனது. பையை முன்னால் மாட்டுங்கள். கையில் கயிறு கட்ட வருபவர், ரோஜா நீட்டுபவர், கையெழுத்துக் கேட்பவர் யாரையும் நின்று பார்க்க வேண்டாம். நகையை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அந்தச் சில நாளுக்கு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் எழுதி நகல் வாங்குங்கள், அப்புறம் ரோமிலுள்ள இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட், விசாப் பக்க நகல் ஒன்று பெட்டியில், ஒன்று ஊரிலுள்ள உறவினர் போனில் இருக்கட்டும். எந்த அவசரத்துக்கும் 112.